நாற்பத்து மூன்றாவது தரகர்

மயில்காட்டில் மின்சாரம் போனபோது நிறைமதி, வெயில் தாக்கியவர்களைக் கிடத்தும் வெயில் நிலையத்தின் குளிரறையில், நர்ஸ் ரோஸ்லினோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஏசியின் இரைச்சல் அடங்கியது. கட்டில்களில் கிடந்த ஆறு பேரில் இருவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். ரோஸ்லின் பதறவில்லை. பேச்சை நிறுத்தாமலே வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, முதல் கட்டிலில் இருந்தவரின் நெஞ்சின்மேல் விரித்தாள்.

“தினமும் இதே கதைதானுங்க. உச்சி தாண்டுனா போயிரும். லைன்மேன் வந்து ரிலேயைத் தூக்கி விட்டாத்தான் திரும்ப வரும். அவரும் பாவம், எத்தன எடத்துக்குத்தான் ஓடுவாரு?”

“எவ்வளவு நாளா இப்படி?”

“போன கோடையிலயும் இருந்துச்சு. இந்தக் கோடையில ஒரு நாளும் தப்பறதில்லைங்க.”

நிறைமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளிமேடு தொழிற்பேட்டை. இரும்பு வார்க்கும் நாற்பத்திரண்டு பவுண்டரிகள். அவற்றின் உறுமல் இங்கே வரை கேட்டது. அங்கே மின்சாரம் இருந்தது.

அவள் பொருளாதார ஆய்வாளர். சென்னையிலிருந்து வந்திருந்தாள். டீசல் ஜெனரேட்டர்களையும் நிலக்கரி உலைகளையும் அரசு தடை செய்தபோது, கோயமுத்தூரின் இந்த மூலையில் இருந்த பவுண்டரிகள் எல்லாம் இழுத்து மூடப்படும் என்றுதான் பேச்சு. இரும்பை உருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கொடுக்கும் மின்சாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஒருவர் உருக்கும்போது இன்னொருவர் பொறுத்திருக்க வேண்டும். தொழில் போட்டியாளர்கள் எங்கே பொறுப்பார்கள்?

நிறைமதியின் ஆய்வு ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு பவுண்டரிக்கும் ஒரு செயற்கை அறிவு. முதலாளிக்குப் பதிலாக அது மற்றவற்றோடு நொடிக்கு நொடி பேரம் பேசி, யார் எப்போது எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்குத் தரகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு யாராவது விலகினால், ஒரு மாதத்துக்கு அவருக்கு மின்சாரம் எல்லோருக்கும் கடைசியில்தான். அந்த விதியை எழுதியவள் நிறைமதி. அந்த ஒன்றுதான் நாற்பத்திரண்டு பவுண்டரிகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

திட்டம் ஜெயித்தது. புகை போயிற்று. ஒரு பவுண்டரிகூட மூடவில்லை. நாளை மறுநாள் சென்னையில் உயர்மட்டக் குழு கூடி, மாநிலத்திலுள்ள எல்லாத் தொழிற்பேட்டைகளுக்கும் இதை விரிவாக்கப்போகிறது. அதற்கு முன்னால் இறுதி மதிப்பீட்டறிக்கை. அதில் ‘தொழிலாளர் நலன்’ என்று ஒரு பத்தி மிச்சமிருந்தது. அதை எழுதத்தான் மயில்காட்டுக்கு வந்தாள். பவுண்டரித் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடம் இது.

அறைக்குள் காற்று கெட்டியாகத் தொடங்கியது. ரோஸ்லின் கடைசிக் கட்டிலின் அருகே குனிந்து, படுத்திருந்தவரின் அக்குளில் கைவைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“இவர் யாரு?”

“என்ற வீட்டுக்காரர். சூசை. பாலதண்டாயுதம் ஐயா பவுண்டரியில உலையில நிக்கறாரு.” துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள். “காத்து எப்ப அடிக்குதோ அப்ப உருக்கோணுமுங்க. இப்பெல்லாம் ராத்திரிதான் காத்து. விடிய விடிய உலைகிட்ட நின்னுட்டு வர்றாரு. ஒடம்புச் சூடு எறங்கோணுமுல்ல? பகல்ல தூங்குனாத்தான் எறங்கும். வீடு தகரக் கூரை. தூங்கற நேரத்துல ஃபேன் நின்னு போச்சுன்னா எப்படி எறங்கும்? போன வாரம் ரெண்டு பேரை இழந்துட்டம். ரெண்டு பேருமே உலைக்காரங்க.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாதா?”

“அங்க வராந்தாவுல கெடத்தியிருக்காங்க. இங்கயாச்சும் கட்டில் இருக்குது.” ரோஸ்லின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “இவருக்கு வேர்வையே வர மாட்டேங்குதுங்க. நாளைக்கும் இதே மாதிரி கரண்ட் போனா, தாங்க மாட்டாரு.”

நிறைமதி வெளியே வந்தாள். வெயிலைவிட வேறொன்று அவளை உறுத்தியது. பல மாதங்களாகவே உறுத்திக்கொண்டிருந்த ஒன்றுதான். அறிக்கைக்குள் அடக்க முடியாமல் தள்ளிவைத்திருந்தாள். பற்றாக்குறை என்று வந்தால் யாராவது நஷ்டப்பட வேண்டும். இந்தக் கோடையில் பற்றாக்குறை வந்தது. ஆனால் எந்தப் பவுண்டரியும் ஒரு வார்ப்பைக்கூட இழக்கவில்லை. அப்படியானால் இழந்தது யார்?

தொழிற்பேட்டையின் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் இர்ஃபானா தனியாக இருந்தாள். தரகர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. கண்காணிப்பதற்குப் பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

“இன்னிக்கு மதியம் பற்றாக்குறை வந்ததா இர்ஃபானா?”

“வந்ததுங்க மேடம். வெயில் கரண்டு எல்லாம் ஊர் ஏசிக்கே சரியாப் போச்சு, காத்து விழுந்துருச்சு, பேட்டரியும் அடியில. ஆனா சமாளிச்சாச்சு.”

“யாரு நிறுத்தினாங்க?”

“யாரும் நிறுத்தலைங்களே.”

“அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?”

இர்ஃபானா திரையின் பக்கம் திரும்பி மதிய நேரத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். நிறைமதி மயில்காட்டு லைனையும் அதன்மேல் போடச் சொன்னாள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்தன. மயில்காடு விழுந்த இடத்தில் தொழிற்பேட்டை நிமிர்ந்திருந்தது.

“அதுக்குக் கொஞ்சம் முன்னால பெரிசு பண்ணுங்க.”

பெரிதாக்கியபோது, ஊசிமுனை போல ஓர் ஏற்றம் தெரிந்தது. ஓரிரு நொடிதான். இர்ஃபானா பவுண்டரி பவுண்டரியாகப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அதே ஊசி. அதே நொடி. முந்தின நாளையும் எடுத்தாள். அதற்கு முந்தின நாளையும். பிறகு கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“எல்லாத் தரகரும் ஒரே நொடியில இழுக்குதுங்க மேடம். ஒருத்தர் மட்டும் அப்படி இழுத்தா ஒண்ணும் ஆகாது. நாப்பத்திரண்டும் சேந்து இழுத்தா லைன் கடைசியில வோல்டேஜ் படுத்துரும். கடைசியில இருக்கறது மயில்காடு. டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போகக் கூடாதுன்னு அங்க ஒரு ரிலே வச்சிருக்காங்க. அது விழுந்துரும். அத்தன வீட்டுக் கரண்டும் மிச்சம். அந்த மிச்சம் இங்க.”

“யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் சொல்லித்தரலைங்க. ஒரு நாள் தானா நடந்திருக்கும். பற்றாக்குறை தீந்திருக்கும். அதுங்க கத்துக்கிச்சு. மயில்காடுன்னு ஒரு ஊர் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது. இப்படிச் செஞ்சா நல்லது நடக்குது, அவ்வளவுதான் தெரியும்.”

“விதிப்படி தப்பா?”

“ஒவ்வொண்ணும் தனக்கு அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இழுக்குது. விதியில ஒரு ஓட்டையும் இல்லைங்க.”

ஒருவர்கூட மீறாத ஒத்துழைப்பு. நிறைமதி தன் கட்டுரைகளில் பெருமையோடு எழுதிய வாசகம் அது.

“ரிலேயை மாத்தி வைக்கச் சொன்னா?”

“எழுதிக் கொடுத்து, ஆள் வந்து சோதிச்சுத்தான் மாத்துவாங்க. ஒரு வாரமாவது ஆகும். சும்மா கழட்டிவிட்டா டிரான்ஸ்ஃபார்மரே போயிரும்.”

“தரகர்களை மொத்தமா நிறுத்திட்டா?”

“அதுக்கு எல்லா முதலாளியும் கையெழுத்துப் போடணும். அதில்லாம, உருகுன இரும்பு உலைக்குள்ள இருக்கறப்ப கரண்டை நிறுத்த முடியாது மேடம். இறுகிப்போயிரும். ஆளுங்களுக்கும் ஆபத்து.” இர்ஃபானா யோசித்தாள். கணினியில் எதையோ ஓட்டிப் பார்த்தாள். “மூணு பெரிய பவுண்டரி விலகுனா போதும். அப்ப அந்த இழுப்பு லைன் கடைசி வரைக்கும் போகாது.”

“விலகினா ஒரு மாசம் கடைசி இடம்,” என்றாள் நிறைமதி.

“ஆமாங்க. ஒரு மாசம் உலை ஓடாது.”

பவுண்டரிக் கூட்டமைப்பின் தலைவர் பாலதண்டாயுதம். அறுபதைத் தாண்டியவர். அவருக்கு இங்கே இரண்டு பவுண்டரிகள். அப்பா காலத்தில் நிலக்கரிப் புகையில் இருமிக்கொண்டே வளர்ந்தவர் என்பதால், இந்தத் திட்டத்தை முதலில் கைநீட்டி வாங்கிக்கொண்டவரும் அவர்தான். நிறைமதி சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரிக்கப் பார்த்தார்.

“அம்மணி, எங்க மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சு வெல பேசுவான். மாட்டுக்காரன் பாக்க மாட்டான். பாக்கவும் கூடாது. வெல படிஞ்சுதா, சரி. அந்த மாதிரின்னுதான் நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க.”

“சொன்னேன். இப்போ துண்டுக்குள்ள யாரோட விரலை ஒடிச்சிருக்காங்கன்னு பாருங்கன்னு சொல்றேன்.”

அவர் சிரிப்பு நின்றது.

“சூசை நேத்து ராத்திரி வேலைக்கு வரல, இல்லீங்களா?” என்று கேட்டாள்.

“ஒடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க.”

“மயில்காட்டுக் குளிரறையில கிடக்கிறார். நாளைக்கு மதியம் மறுபடி கரண்ட் போனா பிழைக்க மாட்டார்னு அவர் மனைவி சொல்றாங்க. அவங்க நர்ஸ்.”

பாலதண்டாயுதம் எழுந்து போய் கண்ணாடி வழியாகக் கீழே உலைக்கூடத்தைப் பார்த்தார். “அடுத்த வாரம் கமிட்டியைக் கூட்டறேன்,” என்றார் கடைசியில்.

“நாளைக்கு மதியம்.”

“நாளைக்கு மதியத்துக்குள்ள நான் மட்டும் என்ன அம்மணி பண்ணட்டும்?”

“உங்க ரெண்டு பவுண்டரியும் விலகணும். இன்னும் ஒருத்தர் வேணும்.”

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. “ஒரு மாசமுங்க. ரெண்டு கம்பெனி ஆளும் ஒரு மாசம் என்ன பண்ணுவாங்க?”

நிறைமதி போகாமல் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலையில் பாலதண்டாயுதம் யாரையும் கலந்து பேசவில்லை. நேராக உலைக்கூடத்துக்குப் போனார். இரண்டு உலைகளிலும் பம்பு உறைகளுக்கான இரும்பு பதமாக உருகி நின்றது. அச்சுகள் வரிசையாகக் காத்திருந்தன.

“அச்சுல ஊத்த வேண்டாம். அதுக்கு நேரமில்ல,” என்றார். “மணல்ல ஊத்துங்க.”

ஃபோர்மேன் காதில் விழாதவர் போல நின்றார். பாலதண்டாயுதம் மறுபடி சொன்னார். உருகிய இரும்பை ஏந்தும் லேடில்கள் சாய்ந்தன. நல்ல இரும்பு தரையிலிருந்த மணல் பள்ளங்களில் ஓடி, ஒரு வடிவமும் இல்லாமல் சிவந்து கிடந்தது. தொழிலாளர்கள் முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று நிறைமதி நினைத்தாள். அதற்குள் பாலதண்டாயுதமே சொன்னார்: “சூசைக்காக.” வேறு விளக்கம் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உலைகள் காலியானதும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, தன் இரண்டு தரகர்களையும் விலக்கச் சொல்லிக் கைரேகை வைத்தார். திரையில் இரண்டு பெயர்கள் பட்டியலின் அடிக்கு இறங்கின.

மூன்றாவதாக அவர் மனதில் இருந்தது ஒரே ஆள். சென்னியப்பன். பெரிய பவுண்டரி. தவிர, பாலதண்டாயுதத்தின் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சம்பந்தி, ஒரு உதவி.”

“சொல்லுங்க சம்பந்தி. நீங்க ரெண்டு கம்பெனியும் நிறுத்தீட்டீங்கன்னு சேதி வந்துது. என்ன ஆச்சு?”

பாலதண்டாயுதம் சொன்னார். சுருக்கமாக, சுற்றி வளைக்காமல். மறுமுனையில் உலையின் உறுமல் மட்டும் கேட்டது.

“சம்பந்தி, நான் வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு எடுத்திருக்கறனுங்க. ஒரு மாசம் நின்னா வேற ஒருத்தன் கைக்குப் போயிரும். ஒரு தடவ போச்சுன்னா திரும்பி வராது. எனக்கு மட்டும் மயில்காட்டு மேல கோவமா? என்ற ஆளுகளும் அங்கதான் இருக்காங்க. எல்லாரும் சேந்து விலகுனா நானும் விலகறேன்.”

“எல்லாரும் சேந்து விலகறதுக்கு நேரமில்ல சம்பந்தி.”

“அப்ப என்னைய மட்டும் எதுக்குக் கேக்கறீங்க? அந்த மெட்ராஸ் அம்மணி பக்கத்துல இருக்குதுங்களா?”

“இருக்கேங்க,” என்றாள் நிறைமதி.

“விலகுனா கடைசி எடம்னு ரூல் போட்டது நீங்கதானுங்களே? இப்ப நீங்களே விலகச் சொன்னா என்ன நியாயம்?”

“நியாயம் இல்லைங்க.” நிறைமதி ஃபோனின் பக்கம் குனிந்தாள். “அந்த ரூல் தப்புன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. ஆனா நான் ஒண்ணு சொல்லணும். நேத்து வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. தரகர்தான் செஞ்சுது, நமக்கு என்ன தெரியும்னு நாம எல்லாரும் சொல்லலாம். இப்ப உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு மயில்காட்டுல கரண்ட் போனா, அது தரகர் செஞ்சது இல்லைங்க.”

உறுமல் தொடர்ந்தது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பாலதண்டாயுதம் ஃபோனைக் கீழே வைத்தார். “கோவக்காரர். இனி எடுக்க மாட்டார்.”

வேறு யாரைக் கேட்பது என்று இருவரும் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். இன்னொருவர் மணி அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாமவர் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். வெளியே காற்றாலைகள் ஒவ்வொன்றாக நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

நிறைமதி ரோஸ்லினைக் கூப்பிட்டாள். “எப்படி இருக்கார்?”

“முழிச்சாரு. தண்ணி கேட்டாரு. இப்ப மறுபடி கண்ணு சொருகுது. ஏசி ஓடறதாலதான் இந்த அளவுக்காவது இருக்காரு.” பின்னால் ஏசியின் சத்தம் கேட்டது. “ஃபோனை வைக்கட்டுங்களா?”

“வேண்டாம். அப்படியே வச்சிருங்க.”

ஃபோன் மேசைமேல் கிடந்தது. அறையில் மூன்று பேரும் ஒரு தொலைதூர ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பேட்டரி எறங்குது,” என்றாள் இர்ஃபானா. “பேசிக்க ஆரம்பிச்சிருச்சுங்க.” திரையில் தரகர்களின் பேரம் எண்களாக ஓடியது, மனிதக் கண்ணால் பின்தொடர முடியாத வேகம். மயில்காட்டு லைனின் வோல்டேஜ் மட்டும் ஓரத்தில் தனியாக, பெரிய எழுத்தில் நின்றது.

பாலதண்டாயுதம் கண்ணை மூடிக்கொண்டார்.

எண் விழுந்தது. மறுபடி விழுந்தது. ஃபோனில் ஏசியின் இரைச்சல் தாழ்ந்து, முனகலாகி, இழுத்தது. ரோஸ்லின் “ஐயோ” என்று சொன்னது கேட்டது. நிறைமதி மேசையின் விளிம்பை இறுகப் பிடித்தாள். அந்த முனகல் அறுந்துவிடாமல் தொங்கியது, தொங்கிக்கொண்டே இருந்தது, பிறகு மெல்ல மேலேறிப் பழையபடி இரையத் தொடங்கியது.

“தாங்கிருச்சு,” என்றாள் இர்ஃபானா. “விழலைங்க. ரிலே விழல.”

“எப்படி? ரெண்டு பவுண்டரிதானே?”

இர்ஃபானா பட்டியலின் அடியைச் சுட்டினாள். அங்கே மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது சென்னியப்பனுடையது. தன் கம்பெனியிலிருந்தே கைரேகை வைத்து விலகியிருந்தார்; எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை.

பற்றாக்குறை அன்று முதல்முறையாகப் பவுண்டரிகளின் மேலேயே விழுந்தது. இரும்பு உருகும் முன்பே ஆறேழு உலைகள் நின்றன. முதலாளிகள் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிவந்து கத்தினார்கள். பாலதண்டாயுதம் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக அதே வரைபடத்தைக் காட்டினார். சிலர் பார்த்துவிட்டு அமைதியானார்கள். சிலர் பார்க்க மறுத்தார்கள். மறுநாளிலிருந்து மதிய நேரத்தில் ஆளுக்கு ஒரு வார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். ரிலே மாற்றும்வரை அப்படியே ஓட்டினார்கள்.

சூசை பிழைத்துக்கொண்டார். பாலதண்டாயுதத்தின் உலைகள் ஒரு மாதம் எரியாததால் அவருக்கும் வேலையில்லை. வேலையில்லாத அந்த மாதத்தில்தான் அவர் உடம்பு தேறியது. இரண்டு சம்பந்திகளும் சாயங்காலங்களில் ஓடாத தங்கள் பவுண்டரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்பதை ஊரே பார்த்தது. வெளிநாட்டு ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. சென்னியப்பன் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

நிறைமதி உயர்மட்டக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு கோரிக்கைகள் வைத்தாள். விலகுபவருக்கான தண்டனையை எடுக்க வேண்டும். பேரத்தில் உட்காராதவர்களின் இழப்பையும் தரகர்கள் கணக்கில் எடுக்கும்படி செய்ய வேண்டும்.

“தண்டனையை எடுத்தா யாரும் சேர்ந்து நிக்க மாட்டாங்கன்னு நீங்களேதான் நிரூபிச்சிருக்கீங்க,” என்றார் குழுத் தலைவர். அவளுடைய பழைய கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்தும் காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தாள். “வெளியில இருக்கிறவங்க இழப்பைக் கணக்குல எடுக்கணும்னா, யார் வெளியில? எவ்வளவு தூரம் வரைக்கும்? அதுக்கு முடிவே இல்லை. வேணும்னா ஒண்ணு செய்யலாம். மயில்காட்டுக்கும் ஒரு தரகரைக் கொடுத்துடலாம். அவங்களும் உள்ள உட்காரட்டும்.”

நிறைமதி ஒப்புக்கொண்டாள். கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதான் அப்போது சரியென்று பட்டது. மயில்காட்டின் தரகருக்குப் பொறுப்பாளராகக் குடியிருப்போர் சங்கம் ரோஸ்லினைத் தேர்ந்தெடுத்தது. திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது.

அடுத்த கோடையில் இர்ஃபானா சென்னைக்கு ஃபோன் செய்தாள். “ஒரு தடவ வந்துட்டுப் போக முடியுங்களா மேடம்? ஃபோன்ல வேண்டாம்.”

கட்டுப்பாட்டு அறையில் அவள் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். அதே ஊசிமுனை ஏற்றம். மயில்காடு விழவில்லை. இன்னும் கிழக்கே, வேறொரு லைனின் கடைசியில், ஓடைக்கல் என்ற ஊர் விழுந்துகொண்டிருந்தது. தக்காளி போடுகிற விவசாயிகளும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிற ஊர். தினமும் மதியம்.

“நாப்பத்திரண்டும் சேர்ந்தா?”

“நாப்பத்திரண்டு மட்டும் அந்த லைனுக்குப் போதாதுங்க.” இர்ஃபானா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “மயில்காட்டோட சேத்து நாப்பத்து மூணு. அந்த லைனுக்குப் பக்கத்துல இருக்கறது மயில்காடுதான், அது ஒண்ணு விலகுனா நின்னுரும்.”

நிறைமதி சாலையைக் கடந்து வெயில் நிலையத்துக்கு நடந்தாள். தார் செருப்பில் ஒட்டியது. நிலையம் இப்போது பெரிதாகியிருந்தது. வாசலில் ரோஸ்லின் மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். குளிரறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“மெதுவாப் பேசுங்க மேடம். உள்ள தூங்கறாங்க. அவரும் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருக்காரு.”

“ரோஸ்லின், ஓடைக்கல்லுல தினமும் மதியம் கரண்ட் போகுது.”

ரோஸ்லின் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

“தெரியுமுங்க,” என்றாள். “பங்குனியிலிருந்தே தெரியும்.”

“இர்ஃபானா சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலைங்க. அங்கிருந்து ரெண்டு பேரை இங்க தூக்கிட்டு வந்தாங்க. வீட்டுல எப்ப கரண்ட் போச்சுன்னு கேட்டேன். அவங்க சொன்ன நேரத்துலதான் இங்க ஏசி ஒரு தடவ மங்கி நிமிந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?”

“ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?”

“சொன்னா நீங்க வருவீங்க. வந்து மயில்காட்டை விலகச் சொல்லுவீங்க. விலகுனா ஒரு மாசம் நாங்க கடைசி.” அவள் குரலை உயர்த்தவில்லை. “உள்ள அத்தன கட்டில்லயும் ஆளிருக்குதுங்க.”

‘இப்ப உங்களுக்குத் தெரியும்’ என்ற வாக்கியம் நிறைமதியின் நாக்கு வரை வந்து நின்றது. சென்னியப்பனிடம் அது பலித்தது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ரோஸ்லினுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு மதியமும் இந்த அறையில் நின்றிருக்கிறாள்.

“அந்த ரெண்டு பேரும்?” என்று கேட்டாள்.

“ஒருத்தர் பொழச்சாரு.”

உள்ளே யாரோ இருமினார்கள். ரோஸ்லினின் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

“ஓடைக்கல்லுல வெயில் நிலையம் கெடையாதுங்க,” என்றாள். “நாலு கட்டில் போட்டு, ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு பண்ணிக் குடுங்க. இங்க வேல முடிஞ்சதும் தினம் நான் வந்து பாத்துக்கறேன். சம்பளம் வேண்டாம். அது செய்யறேன். மத்ததைக் கேக்காதீங்க மேடம்.”

பதிலுக்குக் காத்திராமல் அவள் உள்ளே போனாள். குளிர் வெளியேறிவிடாதபடி கதவை நன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டாள்.